சளிக்காய்ச்சலின்போது எடுத்த வெள்ளையணு அறிக்கையை வாசிப்பது எப்படி?

காய்ச்சலும் இருமலுமாக நான்கு நாள் படுத்திருப்பவருக்கு மருத்துவர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார். அதன் முடிவாகக் கைக்கு வரும் தாளில் நியூட்ரோஃபில், லிம்போசைட், மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில் என்று ஐந்து பெயர்களும், எதிரே ஐந்து சதவீதங்களும், அவற்றுள் ஒன்றிரண்டின் அருகே அதிகம் அல்லது குறைவு என்று சொல்லும் தடித்த குறியும் இருக்கும். அந்தக் குறியைப் பார்த்ததும் மனம் கலங்குவது இயல்புதான். ஆனால், வைரஸ் தொற்றின்போது அந்த எண்கள் ஏன் ஏறுகின்றன, ஏன் இறங்குகின்றன என்பது தெரிந்தால், கலங்க வேண்டிய இடமும் பொறுத்துப் பார்க்க வேண்டிய இடமும் ஓரளவு விளங்கும். மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்கும் அளவுக்கு அந்தத் தாளைப் படிக்கக் கற்பதே இங்கே நோக்கம். நோயைத் தாமே கண்டறிந்து மருந்து எடுத்துக்கொள்வதற்கு இது பயன்படாது.

தாளைத் திறக்கும் முன் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளையணுக்களுக்கு ரத்தம் ஒரு பாதை மட்டுமே. எலும்பு மஜ்ஜையில் பிறந்த நியூட்ரோஃபில் ரத்தத்தில் சில மணி நேரம் சுற்றிவிட்டுத் திசுவுக்குள் நுழைந்துவிடுகிறது; உடலில் உள்ள லிம்போசைட்டுகளில் சுமார் 2 சதவீதம் மட்டுமே எந்த ஒரு நேரத்திலும் ரத்தத்தில் இருக்கின்றன, மற்றவை நிணநீர் முடிச்சுகளிலும் மண்ணீரலிலும் குடல், நுரையீரல் போன்ற உறுப்புகளின் உட்சுவர்களிலும் தங்கியிருக்கின்றன. சளிக்காய்ச்சல் வைரஸோ மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலும் பெருகுகிறது. அதை எதிர்க்கும் வேலை அங்கே நடக்கும்போது, நாம் முழங்கை ரத்தக்குழாயில் ஊசி குத்தி, அந்த நொடியில் அவ்வழியே கடந்துகொண்டிருந்த அணுக்களை மட்டும் எண்ணுகிறோம். ஆகவே ரத்தத்தில் ஓர் அணு குறைந்திருந்தால் அது அழிந்துவிட்டது என்றும் பொருள்படலாம், வேலைக்குப் போயிருக்கிறது என்றும் பொருள்படலாம். இந்த இரண்டையும் பிரித்தறிவதில்தான் இந்த அறிக்கையை வாசிக்கும் கலை பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

சதவீதத்தை எண்ணிக்கையாக மாற்றுங்கள்

முதல் வேலை ஒரு சிறிய பெருக்கல் கணக்கு. மொத்த வெள்ளையணு எண்ணிக்கை பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். (ஒரு கன மில்லிமீட்டரும் ஒரு மைக்ரோலிட்டரும் ஒரே அளவுதான், சில ஆய்வகங்கள் லிட்டருக்கு இத்தனை நூறு கோடி என்று எழுதும், அங்கே 4.0 என்றிருந்தால் அது 4,000 என்று கொள்ள வேண்டும்.) இந்த மொத்தத்தை ஒவ்வோர் அணுவின் சதவீதத்தாலும் பெருக்கி 100-ஆல் வகுத்தால் அந்த அணுவின் தனி எண்ணிக்கை கிடைக்கும். பல அறிக்கைகளில் இது ‘அப்சல்யூட்’ என்ற தலைப்பில் தாளின் கீழ்ப்பகுதியில் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கும். இருந்தும் பெரும்பாலோர் மேலே உள்ள சதவீதத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

ஏன் இதை வற்புறுத்த வேண்டும் என்பதற்கு இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய மொத்த எண்ணிக்கை 3,800. நியூட்ரோஃபில் 48, லிம்போசைட் 44, மோனோசைட் 7, ஈசினோஃபில் 1 சதவீதம். லிம்போசைட்டுக்கு 40 சதவீதத்தை மேல் எல்லையாக வைத்திருக்கும் ஆய்வகம் அதன் அருகே ‘அதிகம்’ என்று குறியிட்டிருக்கும். தனி எண்ணிக்கையோ 1,672. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 4,000 வரை இயல்பு என்பதால் இங்கே லிம்போசைட் உயரவே இல்லை. நியூட்ரோஃபில் 1,824 ஆக இறங்கியதால் விகிதம் மாறி, லிம்போசைட் உயர்ந்தது போலத் தோன்றுகிறது. இன்னொருவருடைய மொத்தம் 9,600, அதாவது எந்தக் குறியும் விழாத, பார்க்க நிம்மதியான எண். அதில் நியூட்ரோஃபில் 84, லிம்போசைட் 8 சதவீதம் என்றால் லிம்போசைட்டின் தனி எண்ணிக்கை 768. இவரைத்தான் அதிகக் கவனத்தோடு பார்க்க வேண்டும். முதல் தாளில் பதற்றம் தரும் குறி பொருளற்றது. இரண்டாவது தாளின் நிம்மதி தவறானது.

இயல்பு எல்லைகள் வயதைப் பொறுத்தவை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிறந்த முதல் வாரத்துக்குப் பிறகு சுமார் 4 அல்லது 5 வயது வரை குழந்தைகளின் ரத்தத்தில் லிம்போசைட்டுகளே மிகுதி. இரண்டு வயதுக் குழந்தைக்கு 60 சதவீதம் லிம்போசைட் என்பது முற்றிலும் இயல்பானது. பெரியவர்களின் எல்லையை அச்சிட்டுக் குழந்தையின் அறிக்கையில் சிவப்புக் குறியிடும் தாள்களால் எத்தனையோ பெற்றோர் வீணாகத் தூக்கம் இழக்கிறார்கள். ரத்தச் சொந்தங்களிடையே வரும் மரபு வேறுபாடும் உண்டு: சிவப்பணுக்களின் மேல் டஃபி என்ற புரதம் இல்லாத மரபுவழியினர் பலருக்கு, குறிப்பாக மேற்கு ஆப்பிரிக்க வேர்கள் உள்ளோருக்கு, நியூட்ரோஃபில் எண்ணிக்கை நல்ல உடல்நிலையிலேயே 1,500-க்குக் கீழே இருக்கலாம், அதனால் அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தொற்று வருவதும் இல்லை. ஆகவே முன்பு நலமாக இருந்தபோது எடுத்த பழைய அறிக்கை ஒன்று கிடைத்தால் அதை எடுத்து வைத்து ஒப்பிடுவது எந்தப் பொது எல்லையையும்விட நம்பகமானது.

நோயின் எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள்

அறிக்கையில் பரிசோதனை எடுத்த தேதி இருக்கும். காய்ச்சல் தொடங்கிய தேதி இருக்காது. அதை நீங்களே தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரே எண்ணுக்கு இரண்டாம் நாளில் ஒரு பொருளும் எட்டாம் நாளில் வேறொரு பொருளும் உண்டு.

வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவர் செல்லுக்குள் நுழைந்த சில மணி நேரத்தில் அந்தச் செல்லே இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அண்டைச் செல்களை எச்சரிக்கிறது. 1957-ல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற இருவர் இன்ஃப்ளூயன்சா வைரஸையும் கோழி முட்டைச் சவ்வையும் வைத்துச் செய்த சோதனையில்தான் இந்தப் பொருள் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. காய்ச்சல், உடல்வலி, சோர்வு ஆகியவற்றில் கணிசமான பங்கு வைரஸால் நேரடியாக வருவதில்லை. இன்டர்ஃபெரானும் அதையொட்டிச் சுரக்கும் பிற அழற்சிப் புரதங்களும் உண்டாக்குபவை அவை. முதல் இரண்டு மூன்று நாள்களில் நியூட்ரோஃபில்களும், லிம்போசைட் குடும்பத்தைச் சேர்ந்த இயற்கைக் கொல்லி அணுக்களும் களத்துக்கு வருகின்றன. இதே வைரஸை முன்பு பார்த்திராத உடலில், அந்த வைரஸுக்கென்றே அமைந்த டி லிம்போசைட்டுகள் நிணநீர் முடிச்சில் பெருகி நுரையீரலை அடைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. எதிர்ப்பொருள்கள் போதிய அளவில் ரத்தத்தில் சேர அதற்கும் சில நாள் கூடுதலாகத் தேவை. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று நாம் சொல்வது இந்தப் பெருக்கம் நடக்கும் முடிச்சு வீங்கியிருப்பதைத்தான்.

எனவே காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாளில் எடுத்த ரத்தத்தில் லிம்போசைட் உயர்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. ‘வைரஸ் என்றால் லிம்போசைட் ஏறும், பாக்டீரியா என்றால் நியூட்ரோஃபில் ஏறும்’ என்று பரவலாகச் சொல்லப்படும் வாய்பாடு முழுப் பொய் இல்லைதான், ஆனால் மூச்சுமண்டல வைரஸ்களைப் பொறுத்தவரை அது நம்மை ஏமாற்றும் நேரங்கள் மிக அதிகம்.

லிம்போசைட் குறைந்திருந்தால்

இன்ஃப்ளூயன்சாவிலும் கொரோனா வைரஸ் தொற்றிலும் முதல் சில நாள்களில் லிம்போசைட் எண்ணிக்கை குறைவதே வழக்கம். அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உள்ளன. இன்டர்ஃபெரானின் தூண்டுதலால் லிம்போசைட்டுகள் தம் மேற்பரப்பில் ஒரு புரதத்தை வெளிப்படுத்துகின்றன. நிணநீர் முடிச்சிலிருந்து வெளியேறி ரத்தத்துக்குத் திரும்ப உதவும் ஏற்பியை அது உள்ளிழுத்துவிடுவதால், உள்ளே வந்த அணுக்கள் சில நாள் வெளியே போக முடியாமல் தங்குகின்றன. வைரஸின் துண்டைச் சுமந்து வரும் கிளையுரு அணுவைச் சந்திக்க வேண்டிய லிம்போசைட் பல லட்சத்தில் ஒன்றாக இருக்கும்போது, அத்தனை பேரையும் ஓரிடத்தில் பிடித்து வைத்தால் அந்தச் சந்திப்பு விரைவில் நிகழும். இந்தத் தடுப்பின் பயன் அது. இன்னொரு பகுதி லிம்போசைட்டுகள் ரத்தத்தை விட்டு நுரையீரலுக்குள் செல்கின்றன. நோயின் அழுத்தத்தால் அட்ரீனல் சுரப்பி வெளியிடும் கார்டிசோல் மேலும் சிலவற்றை மஜ்ஜைக்கும் திசுக்களுக்கும் திருப்பிவிடுகிறது. கடுமையான நோயில் மட்டும், தூண்டப்பட்ட அணுக்கள் பெருமளவில் தாமாகவே மடிகின்றன.

முதல் மூன்று காரணங்களால் வரும் குறைவு தற்காலிகமானது, இயல்பானது, நான்காவது கவலைக்குரியது. ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்க முடியாது. ஆனால், குறைவு எவ்வளவு ஆழமானது, எத்தனை நாள் நீடிக்கிறது என்ற இரண்டும் நல்ல துப்புகள். நான்காம் நாளில் 900 இருந்து எட்டாம் நாளில் 1,500-ஐத் தொட்டால் உடல் மீண்டு வருகிறது. எட்டாம் நாளில் 600, பத்தாம் நாளில் 500 என்று சரிந்துகொண்டே போனால், மூச்சு எப்படி இருக்கிறது என்பதோடு சேர்த்து அதை உடனே கவனிக்க வேண்டும்.

2020 தொடக்கத்தில் வூகானிலிருந்து வெளியான முதல் மருத்துவமனைத் தொகுப்பில் 41 நோயாளிகளில் 26 பேருக்கு, அதாவது 63 சதவீதத்தினருக்கு லிம்போசைட் குறைந்திருந்தது. சில வாரங்களில் சீனாவின் பல மருத்துவமனைகளைச் சேர்த்து 1,099 நோயாளிகளைப் பற்றி வந்த கட்டுரை 83.2 சதவீதம் என்றது. இரண்டாவது தொகுப்பில் நோய் கடுமையாக இருந்ததால் வந்த வேறுபாடா என்றால், இல்லை. முதல் கட்டுரை 1,000-க்குக் கீழ் இருந்தால் குறைவு என்றும், இரண்டாவது கட்டுரை 1,500-க்குக் கீழ் இருந்தால் குறைவு என்றும் எல்லை வகுத்திருந்தது. உங்கள் தாளில் ‘குறைவு’ என்று குறி இருந்தால் அந்த ஆய்வகம் எந்த எண்ணைக் கோடாக வைத்திருக்கிறது என்று அருகிலேயே பார்த்துவிடுங்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

லிம்போசைட் என்ற ஒரே பெயருக்குள் வேறு வேறு தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தாள் காட்டாது. வைரஸ் புகுந்த செல்லைக் கண்டறிந்து, அதன் சவ்வில் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியை உட்செலுத்தி அதைத் தற்கொலைக்குத் தள்ளும் சி.டி.8 டி அணு ஒன்று. மற்ற அணுக்களுக்குக் கட்டளையும் துணையும் தரும் சி.டி.4 டி அணு இன்னொன்று. எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா அணுவாக மாறும் பி அணு மற்றொன்று. முன்னறிமுகம் இல்லாமலே தாக்கும் இயற்கைக் கொல்லி அணு நான்காவது. நோய் தீர்ந்த பிறகு டி அணுக்களில் ஒரு சிறு கூட்டம் ரத்தத்துக்குத் திரும்பாமல் மூக்கின் உட்சுவரிலும் நுரையீரலிலும் நினைவு அணுக்களாகவே குடியிருந்துவிடுகிறது. அடுத்த முறை அதே வைரஸ் வரும்போது முதலில் விழித்துக்கொள்பவை இவைதான். எந்த ரத்தப் பரிசோதனையிலும் இவை அகப்படுவதில்லை. ‘வெள்ளையணு எண்ணிக்கை கூடினால் எதிர்ப்புச் சக்தி கூடும்’ என்று சொல்லி விற்கப்படும் எதையும் வாங்கத் தேவையில்லை என்பதற்கு இந்த ஒரு செய்தியே போதும்.

காற்றின் வழியே பரவித் தொண்டையில் நுழையும் தட்டம்மை வைரஸ் இந்தப் பகுதியில் தனியாகச் சொல்லத் தக்கது. லிம்போசைட்டுகளின் மேலுள்ள ஓர் ஏற்பியையே அது வாயிலாகப் பயன்படுத்தி, அவற்றுக்குள்ளேயே பெருகி, பழைய நோய்களின் நினைவைச் சுமக்கும் அணுக்களை அழிக்கிறது. தடுப்பூசி போடாத 77 குழந்தைகளைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2019-ல் வெளியான ஆய்வு, அவர்களிடம் முன்பிருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்ததைக் காட்டியது. இங்கே லிம்போசைட் குறைவு வேலைக்குப் போனதன் விளைவு மட்டும் அல்ல, உண்மையான இழப்பு.

லிம்போசைட் மிக உயர்ந்திருந்தால்

பெரியவர் ஒருவருக்கு இருமலோடு லிம்போசைட் 5,000-ஐத் தாண்டினால், சாதாரணச் சளிக்காய்ச்சலைவிட வேறு சில நோய்கள் முதலில் நினைவுக்கு வர வேண்டும். தொண்டை வலி, கழுத்தில் பெரிய நெறிகள், கடும் சோர்வு ஆகியவற்றோடு வரும் எப்ஸ்டீன்–பார் வைரஸ் தொற்றில் உருவம் மாறிய பெரிய லிம்போசைட்டுகள் ரத்தப்படலத்தில் தெரியும்; ஆய்வகம் அவற்றை ‘ரியாக்டிவ்’ அல்லது ‘எடிபிகல்’ என்று குறிக்கும். இரண்டாவது சொல்லைப் பார்த்துப் புற்றுநோய் என்று எண்ணிவிட வேண்டாம். தூண்டப்பட்ட டி அணுக்கள் அப்படித்தான் தோற்றமளிக்கும்.

விந்தையான விதிவிலக்கு கக்குவான் இருமல். அது பாக்டீரியாவால் வருவது. ஆயினும் தடுப்பூசி போடாத சிறு குழந்தைகளில் லிம்போசைட்டுகளைப் பல்லாயிரக் கணக்கில் ஏற்றுகிறது, ஏனெனில் அந்தப் பாக்டீரியாவின் நச்சு, லிம்போசைட்டுகள் ரத்தத்திலிருந்து நிணநீர் முடிச்சுக்குள் நுழையும் வழியை அடைத்துவிடுகிறது. பாதை அடைபட்டதால் கூட்டம் பாதையிலேயே நிற்கிறது. இன்ஃப்ளூயன்சாவில் முடிச்சுக்குள் அடைபட்டதால் எண் இறங்கியது. இங்கே வெளியே அடைபட்டதால் எண் ஏறுகிறது.

நியூட்ரோஃபில்: மருந்தை முதலில் விசாரியுங்கள்

நியூட்ரோஃபில் 80 சதவீதம் என்று கண்டவுடன் பாக்டீரியா என்று முடிவு கட்டி ஆன்டிபயாட்டிக் தேடுவது மிகப் பரவலான தவறு. கேட்க வேண்டிய முதல் கேள்வி: ரத்தம் எடுப்பதற்கு முன் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ கொடுக்கப்பட்டதா? ரத்தக்குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில்கள், ஓட்டத்தில் இருப்பவற்றின் அளவுக்கு ஏறத்தாழச் சமமாக உள்ளன. சுவரில் இருப்பவை எண்ணிக்கையில் வருவதில்லை. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்றவை சில மணி நேரத்தில் அவற்றைச் சுவரிலிருந்து விடுவிப்பதோடு மஜ்ஜையிலிருந்தும் கூடுதலாக வெளியேற்றுகின்றன. அதே வேளையில் லிம்போசைட்டும் ஈசினோஃபிலும் இறங்குகின்றன. மூச்சிரைப்புக்காக முந்தைய நாள் ஸ்டீராய்டு பெற்றவரின் அறிக்கை, கடும் தொற்று உள்ளவரின் அறிக்கையைப் போலவே தோன்றுவது இதனால்தான். கடும் உடற்பயிற்சி, வலி, வாந்தி, புகைப்பழக்கம், கருவுற்ற நிலை ஆகியவையும் நியூட்ரோஃபிலை உயர்த்தும்.

இரண்டாவதாக, வைரஸே நியூட்ரோஃபில்களை அழைக்கிறது. சுவாச சின்சிஷியல் வைரஸ் என்னும் ஆர்.எஸ்.வி.யால் மூச்சு நுண்குழாய் அழற்சி வந்து திணறும் பச்சிளங்குழந்தையின் மூச்சுப்பாதையைக் கழுவி எடுத்த நீரில் மிகுதியாக இருப்பவை லிம்போசைட்டுகள் அல்ல, நியூட்ரோஃபில்கள்தான். அடினோவைரஸ் தொற்றிலோ மொத்த எண்ணிக்கை, நியூட்ரோஃபில், அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி. மூன்றும் சேர்ந்தே உயர்ந்து, பாக்டீரியா தொற்று என்று அனுபவமிக்கவர்களையும் நினைக்கச் செய்துவிடும்.

சளி பச்சையாக வருவதும் இந்தக் கதையின் ஒரு பகுதியே. நியூட்ரோஃபில் துகள்களில் உள்ள மயலோபெராக்சிடேஸ் என்ற நொதி இயல்பாகவே பச்சை நிறமுடையது. நியூட்ரோஃபில்கள் குவிந்து சிதைந்தால் சளி மஞ்சளாகிப் பின் பச்சையாகிறது. வைரஸ் சளியிலும் மூன்றாம் நான்காம் நாளில் இது நிகழும். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் கேட்பதற்கு மருத்துவக் காரணம் ஏதும் இல்லை.

அப்படியானால் எப்போது பாக்டீரியாவைச் சந்தேகிப்பது? காய்ச்சல் தணிந்து உடல் தேறி வந்த பின், ஐந்து முதல் பத்து நாளுக்குள் காய்ச்சல் மறுபடி ஏறி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றி, அதோடு நியூட்ரோஃபில் புதிதாக உயர்ந்து, முதிராத ‘பேண்ட்’ அணுக்களும் தென்பட்டால், வைரஸுக்குப் பின் பாக்டீரியா நிமோனியா நுழைந்திருக்கலாம். 1918-ன் இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்றில் மாண்டவர்களில் பெரும்பாலோரின் நுரையீரலில் இத்தகைய இரண்டாம் நிலைப் பாக்டீரியா நிமோனியாவே காணப்பட்டது. முதல் அறிக்கையும் இரண்டாவது அறிக்கையும் கையில் இருந்தால் மருத்துவருக்கு இந்தத் திருப்பம் எளிதில் புலப்படும்.

நியூட்ரோஃபில் இருமுனைக் கத்தி என்பதையும் சொல்ல வேண்டும். அது தன் மரபுப்பொருளையே வலையாக வீசி எறிந்து கிருமிகளைச் சிக்க வைக்கிறது என்பது 2004-ல் பெர்லினில் கண்டறியப்பட்டது. நுண்ணிய காற்றறைகளுக்குள் இவ்வலைகள் மிகுந்தால் அவை சவ்வைப் புண்ணாக்கி, குழாய்களில் ரத்தம் உறையவும் வழி செய்கின்றன. அதனால்தான் கடும் கோவிட் நோயில் நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்து வரும் விகிதத்தை மருத்துவர்கள் கவனித்தார்கள். நலமான பெரியவரிடம் இது பொதுவாக 1 முதல் 3 வரை இருக்கும். மேலே சொன்ன இரண்டாவது நபருக்கு 10.5. ஸ்டீராய்டு எடுத்தவரிடம் இந்த விகிதத்தைக் கணக்கிடுவது வீண் வேலை.

ஸ்டீராய்டு பற்றிய ஒரு முக்கிய எச்சரிக்கையும் இங்கேயே பொருந்தும். பிரிட்டனில் நடந்த ரெக்கவரி என்ற பெரும் ஆய்வு, நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததாக 2020 ஜூனில் அறிவித்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. நோயின் தொடக்கத்தில் வைரஸை அடக்க வேண்டிய அணுக்களை நாமே அடக்கிவிடக் கூடாது என்பதால், சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை எடுத்து விழுங்குவது ஆபத்தான பழக்கம்.

ஈசினோஃபில்: சிறிய எண், பெரிய குழப்பம்

ஈசினோஃபில் என்றதும் ஒவ்வாமையும் குடற்புழுவும் மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், இந்த அணுவின் துகள்களில் உள்ள புரதங்களில் இரண்டு, ஆர்.என்.ஏ.வைத் துண்டாடும் நொதிகள். மூச்சுமண்டல வைரஸ்களில் பெரும்பாலானவை ஆர்.என்.ஏ. வைரஸ்கள். அவற்றுள் ஒரு நொதி ஆர்.எஸ்.வி.யின் தொற்றும் திறனைக் குறைப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆகவே மூச்சுக்குழாயில் ஈசினோஃபிலுக்கு வைரஸோடு பகையும் இருக்கிறது, அதே பகையால் குழாயின் உட்சுவருக்கு வரும் சேதமும் இருக்கிறது. மனிதரிடம் எந்தப் பக்கம் ஓங்கியது என்று எளிதாகச் சொல்லிவிட முடிவதில்லை. கடும் ஆஸ்துமாவுக்காக ஈசினோஃபிலை ஏறத்தாழ முற்றிலும் அகற்றும் பென்ராலிசுமாப் என்ற மருந்தைப் பெறுவோருக்கு வைரஸ் தொற்றுகள் பெரிதாகக் கூடிவிடவில்லை என்பதைப் பார்த்தால், இந்த அணு உதவியாளரே தவிர இன்றியமையாத காவலர் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த அணுவின் மேல் விழுந்த பெரும் பழி 1960-களைச் சேர்ந்தது. அமெரிக்காவில் ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த ஆர்.எஸ்.வி. வைரஸைத் தடுப்பூசியாகக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். பின்னர் இயற்கையாகத் தொற்று வந்தபோது, ஓர் ஆய்வில் தடுப்பூசி பெற்ற பச்சிளங்குழந்தைகளில் தொற்றுக்குள்ளானோரில் 80 சதவீதம் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெறாதவர்களில் 5 சதவீதமே. இரண்டு குழந்தைகள் இறந்தன. அவற்றின் நுரையீரலில் ஈசினோஃபில்கள் காணப்பட்டதாகக் கூறப்பட்டது பல பத்தாண்டு காலம் பாடநூல்களில் நிலைத்தது. அந்தத் திசுக்களைப் பின்னாளில் மீண்டும் பார்த்தவர்கள் நியூட்ரோஃபில்களும் ஒற்றைக்கரு அணுக்களுமே (லிம்போசைட், மோனோசைட் வகையினர்) அங்கு மிகுந்திருந்ததைக் குறிப்பிட்டார்கள். குற்றவாளி யாராயினும் விளைவு பெரியது: ஆர்.எஸ்.வி.க்கு முதல் தடுப்பூசி ஒப்புதல் பெற 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தாளில் இதை எப்படி வாசிப்பது? காய்ச்சலின் முதல் நாள்களில் ஈசினோஃபில் பூஜ்யத்தை நோக்கி இறங்குவது பொதுவானது. கார்டிசோல் உயர்வு அதற்கு முக்கியக் காரணம். மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இது காணப்பட்டது. எண் மீண்டும் எழுவது தேறுதலோடு சேர்ந்தே நிகழ்ந்தது. எனவே ஐந்தாம் நாளில் 0 என்றிருந்த ஈசினோஃபில் பத்தாம் நாளில் 200 ஆனால் அதை ஒவ்வாமை என்று கருத வேண்டாம். மாறாக, கடும் காய்ச்சலின் நடுவிலேயே ஈசினோஃபில் 500-க்கு மேல் இருந்து இரைப்பும் இருந்தால், அடிப்படையில் ஆஸ்துமா உள்ளதா, ஏதேனும் மருந்து ஒவ்வாமை வந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். பள்ளி வயதுக் குழந்தைகளின் ஆஸ்துமா மோசமடையும் நிகழ்வுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஒரு வைரஸ், குறிப்பாக ரைனோவைரஸ், உடனிருக்கிறது. ஒவ்வாமையால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் குழாயில் வைரஸ் வந்து சேரும்போதுதான் நிலைமை கைமீறுகிறது.

எண்ணும் முறையையும் நினைவில் வையுங்கள். நுண்ணோக்கியில் 100 அணுக்களை மட்டும் எண்ணி அதில் 2 ஈசினோஃபில் கண்டால், உண்மையான விகிதம் பூஜ்யத்துக்கு அருகிலும் இருக்கலாம், 7 சதவீதமாகவும் இருக்கலாம். ஆயிரக்கணக்கில் எண்ணும் இயந்திரத்தின் அறிக்கையில் இந்தத் தடுமாற்றம் மிகக் குறைவு. தவிர, இந்த எண் காலையில் தாழ்ந்து இரவில் உயரும் இயல்புடையது. காலை அறிக்கையையும் இரவு அறிக்கையையும் ஒப்பிட்டு ‘ஏறிவிட்டது’ என்று வருந்துவதில் பொருளில்லை.

பேசோஃபில் எண்ணிக்கை சளிக்காய்ச்சலில் எதையும் சொல்லுவதில்லை, கடந்து போகலாம். மோனோசைட் நோய் தணியும் நாள்களில் சற்று உயர்வது வழக்கம், ஏனெனில் சிதைந்த செல்களை அகற்ற நுரையீரலுக்குள் சென்று பெருவிழுங்கணுக்களாக மாறுபவை அவை. காற்றறைகளில் கருவிலிருந்தே குடியேறித் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் பெருவிழுங்கணுக்கள் வேறு உள்ளன. இன்ஃப்ளூயன்சா அவற்றைக் குறைத்துவிடுவது எலிகளில் காணப்பட்டிருக்கிறது, இரண்டாம் நிலைப் பாக்டீரியா எளிதில் நுழைவதற்கு அது ஒரு காரணம்.

மறுபரிசோதனையும், தாளுக்கு வெளியே பார்க்க வேண்டியவையும்

மூச்சு வாங்குதல், உதடு நீலம் பாய்தல், நெஞ்சில் இறுக்கம், மனக்குழப்பம், குழந்தை பால் குடிக்க மறுத்து விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குதல், ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வெள்ளையணு எண்ணிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது. புற்றுநோய் மருந்து பெறுபவருக்குக் காய்ச்சலோடு நியூட்ரோஃபில் 500-க்குக் கீழ் இருந்தால் அது வைரஸாகவே இருந்தாலும் அவசரநிலைதான்.

மற்றவர்கள் தேறி வரும்போது மறுபரிசோதனைக்கு அவசரப்படத் தேவையில்லை. வைரஸ் மஜ்ஜையைச் சற்று அடக்குவதால் மொத்த எண்ணிக்கை 3,000 அளவில் இறங்கியிருந்தால், இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து, காய்ச்சல் இல்லாத நாளில், முடிந்தால் அதே ஆய்வகத்தில், அதே வேளையில் மீண்டும் எடுத்தால் பெரும்பாலும் எண் பழைய இடத்துக்கு வந்திருக்கும். அந்த இரண்டு தாள்களின் ஓரத்திலும் நோயின் நாள், எடுத்த மருந்துகள், ஸ்டீராய்டு உண்டா இல்லையா என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். பெரியவர்களிடம் லிம்போசைட் 5,000-க்கு மேல் மூன்று மாதம் தாண்டியும் நின்றால், அதைப் பழைய சளிக்காய்ச்சலின் எச்சம் என்று ஒதுக்கிவிடாமல், அணுக்களின் மேற்பரப்புப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்காக ரத்தநோய் நிபுணரிடம் காட்ட வேண்டும்.